யார் யாருக்குத் துணை? குழந்தையும் பெரியவரும் சேர்ந்து நடந்த சில நடைகள்

1. கேள்வி

கடல் உயிரியலாளர் ரேச்சல் கார்சன் 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில் சிறிய காட்சி ஒன்று வருகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் தம் வீட்டை ஒட்டிய காட்டுச் செடிகளை அவர் வண்ணப் படமெடுத்து ஸ்லைடுகளாக வைத்திருக்கிறார். அவற்றைப் போட்டுக் காட்டும்போது செடிகளின் பெயரைச் சொல்பவன் ரோஜர்தான். அவன் கார்சனுடைய அக்காள் மகளின் மகன். வயது நான்கை ஒட்டி. ஒரு சிறுசெடியைக் கண்டதும் அது ரேச்சலுக்குப் பிடித்தது என்று முதலில் சொல்கிறான். செடியின் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. இன்னொரு செடியின் பெயரை மழலையில் சிதைத்துச் சொல்லிவிட்டு, அதன் பச்சைக் காய்கள் நாம் தின்பதற்கில்லை, அணில்களுக்கானவை என்கிறான்.

இதே கட்டுரையில்தான், அந்தக் காட்டில் அவனோடு நடந்தபோது எதற்கும் பெயர் சொல்லிக்கொடுக்கவோ விளக்கவோ தாம் முனையவில்லை என்றும் கார்சன் எழுதுகிறார். கண்டதில் தமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வெளியிட்டதோடு சரி. வயதில் மூத்த ஒருவரிடம் காட்டுவதுபோல இதைப் பார், அதைப் பார் என்று காட்டியதோடு சரி. பெயர்கள் அவன் மனத்தில் எப்படித் தங்கின என்று அவரே வியக்கிறார்.

இந்தக் கட்டுரை பின்னாளில் சூழல் கல்வியின் வேதப் புத்தகம்போல ஆகிவிட்டது. குழந்தைக்கு அறிவதைவிட உணர்வதே முக்கியம் என்ற அவருடைய கருத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பெயர்கள் வேண்டாம், வியப்பு போதும் என்று ஒரு தரப்பு பேசுகிறது. பெயர் தெரியாத ஒன்றை யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்கிறது மறுதரப்பு. இரண்டு தரப்பாருமே அந்த ஸ்லைடு காட்சியைச் சரியாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பையன் பெயரையும் விடவில்லை. வெறும் பெயரையும் சொல்லவில்லை. அந்தச் செடி யாருக்குப் பிடித்தது என்பதோடு சேர்த்துத்தான் பெயர் அவனுக்குள் போயிருக்கிறது. அப்படியானால் பெரியவர் ஒருவரோடு வயல்வெளியிலும் காட்டிலும் நடக்கும் குழந்தை உண்மையில் எதைப் பெறுகிறது? இந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே தொடர முயல்கிறேன்.

2. பெயரில்லாத ஒரு செயல்

முதலில் ஒரு மொழிச் சிக்கல். இப்படிப்பட்ட நடைக்குத் தமிழில் சரியான சொல் இல்லை. ‘உலா’ என்பது மன்னனும் இறைவனும் வீதியில் பவனி வருவது. அது ஓர் இலக்கிய வகையின் பெயருமானது. ‘உலாத்துதல்’ என்றால் வேலைவெட்டி இல்லாமல் திரிவது என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. ‘நடைப்பயிற்சி’ சர்க்கரை நோயாளியை நினைவூட்டுகிறது. ‘காலாற நடத்தல்’ ஓரளவு பக்கத்தில் வருகிறது. ஆனால் அது பெரியவர்கள் சாப்பிட்டபின் செய்வது. அதில் குழந்தைக்கு இடமில்லை.

சொல் இல்லை என்பதால் செயல் இல்லை என்று கொள்ளக் கூடாது. நம் கிராமங்களில் குழந்தையும் பெரியவரும் மைல்கணக்கில் சேர்ந்து நடந்திருக்கிறார்கள். ஆனால் நடப்பதற்காக நடந்ததில்லை. காட்டுக்கு, கிணற்றுக்கு, சந்தைக்கு, குலதெய்வக் கோயிலுக்கு, இழவு வீட்டுக்கு என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு போக்கிடம் இருந்தது.

ஐரோப்பாவில் நடப்பது தனி இன்பமாக ஆனது கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில்தான். அதுவும் எல்லாருக்கும் ஒன்றாகக் கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தார்கள். அது பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்த நிலம். நடந்ததன் தொடர்பில் ஐந்து பேர் சிறை சென்றார்கள். நிலத்தின்மீது யார் நடக்கலாம் என்ற கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. அதற்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

தமிழில் இல்லாதது ‘நடை’க்கான சொல். ஆனால் பிற மொழிகளில் எளிதில் கிடைக்காத இன்னொரு சொல் நம்மிடம் இருக்கிறது: துணை. கூட வருபவரும் துணை, காப்பவரும் துணை. ‘துணைக்கு ஆள் வேண்டும்’ என்னும்போது இவ்விரண்டில் எது என்று பிரித்துக் கேட்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘அப்பத்தாவுக்குத் துணைக்குப் போப்பா’ என்று ஆறு வயதுப் பையனை அனுப்புவார்கள். இருட்டுகிற நேரத்தில் வெளியே கிளம்பும் பெண், அரைக்கால் சட்டை போட்ட ஒரு பொடியனைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள். பாம்பையோ வம்பனையோ அவன் தடுத்து நிறுத்தப் போவதில்லை. ஆனாலும் அவன்தான் துணை. குழந்தைக்குப் பெரியவர் வழித்துணை என்று ஆங்கில எழுத்துகள் இயல்பாகக் கொள்ளும் இடத்தில், நம் வழக்கில் உறவு தலைகீழாகவும் நிற்கிறது. கீழே வரும் சான்றுகளைப் படிக்க இந்தச் சொல் எனக்கு உதவியது.

3. மரியாவின் தோட்டம்

கார்சனின் ‘கற்பிக்கவில்லை’ என்ற கூற்றை மதிப்பிட அவர் வளர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 1907இல் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகெனி ஆற்றங்கரையில் உள்ள ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பத்துக்கு ஏறத்தாழ 65 ஏக்கர் நிலம். பெரும்பகுதி தோப்பும் காடுமாகக் கிடந்தது, வருமானம் குறைவு. தாய் மரியா திருமணத்துக்கு முன் ஆசிரியராக இருந்தவர். கடைக்குட்டி மகளை அழைத்துக்கொண்டு அவர் தோப்புக்குள் நடப்பது வழக்கம். கார்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய லிண்டா லியர் இந்த நடைகளை அன்றைய ‘இயற்கைக் கல்வி’ இயக்கத்தோடு இணைத்துக் காட்டுகிறார்.

அந்த இயக்கம் வியப்பிலிருந்து பிறந்ததன்று, கவலையிலிருந்து பிறந்தது. 1890களின் பொருளாதார நெருக்கடியில் நியூயார்க் மாநிலத்து விவசாயக் குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்தன. பிள்ளைகளுக்கு நிலத்தின்மேல் பிடிப்பை உண்டாக்கினால் இதைத் தடுக்கலாம் என்று எண்ணி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பள்ளிகளில் இயற்கைக் கல்வியைப் பரப்ப அரசு பணம் ஒதுக்கியது. லிபர்ட்டி ஹைட் பெய்லியும் அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக்கும் அதன் முன்னோடிகள். காம்ஸ்டாக் 1911இல் வெளியிட்ட பெரிய கையேடு அமெரிக்க ஆசிரியர்களின் மேசையில் பல பத்தாண்டுகள் இருந்தது. குழந்தை கேட்பதற்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல ஆசிரியர் கூசக் கூடாது என்பது அதன் தொடக்கப் பகுதியிலேயே வரும் அறிவுரை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அந்தக் கணத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். எதிரே பறவையோ பூச்சியோ நிற்கிறது.

நம் நாட்டுப் பறவையியலின் தொடக்கத்திலும் இப்படி ஒரு ‘தெரியாது’ இருக்கிறது. 1908 வாக்கில், பன்னிரண்டு வயதை ஒட்டிய சாலிம் அலி காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் கறை. பெற்றோரை இழந்த அவனை வளர்த்த மாமா அமீருத்தீன் தையப்ஜி வேட்டையில் தேர்ந்தவர். அவருக்கும் அது என்ன பறவை என்று சொல்லத் தெரியவில்லை. அதட்டி அனுப்பாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்டு பெயரைச் சொன்னார். பாடம் செய்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளையும் திறந்து காட்டினார். மாமாவுக்குப் பெயர் தெரிந்திருந்தால் விஷயம் வீட்டோடு முடிந்திருக்கலாம்.

கார்சனிடம் திரும்புவோம். அவர் ஒன்றும் தெரியாத பாட்டியாக ரோஜரோடு நடக்கவில்லை. கடல் உயிரியல் படித்தவர். அரசின் மீன்வளத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி, 1951இல் வெளிவந்த கடல் பற்றிய நூல் பெரும் வெற்றி பெற்றதும் 1952இல் வேலையை விட்டவர். அந்த வருமானத்தில்தான் மெய்ன் கடற்கரையில் சவுத்போர்ட் தீவில் இடம் வாங்கி 1953இல் கோடைக்கால வீடு கட்டினார். ஆக, கற்பிக்க முனையவில்லை என்பவரின் வாயில் ஒவ்வொரு பாசிக்கும் சங்குக்கும் சரியான பெயர் தயாராக இருந்தது. இதோ பார் என்று அவர் குதூகலித்தபோது அந்தக் குதூகலத்துக்குள் பெயரும் இருந்திருக்கும். தாம் பெயர் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. மீன் தண்ணீரைக் கவனிப்பதில்லை.

அவருடைய கூற்று பொய் என்பது என் வாதமில்லை. பெயர் அங்கே பாடமாகச் சொல்லப்படவில்லை, பேச்சில் வந்தது என்கிறேன். அந்தக் கட்டுரையின் முதல் காட்சியில் ரோஜருக்கு இருபது மாதம். இலையுதிர்காலப் புயல் இரவில் அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார். அலை இரைகிறது, இருட்டில் இருவரும் சிரிக்கிறார்கள். அந்த வயதில் பெயருக்கும் பாடத்துக்கும் வேலையே இல்லை. அவன் நடக்கவும் இல்லை. இரண்டு வயதுகூட ஆகாத குழந்தையைப் புயலில் தூக்கிப் போவது முறையான பொழுதுபோக்கா என்று சிலர் கேட்கலாம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் கேட்காமல் விட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டுரை வெளியான மறுஆண்டு, 1957இல், ரோஜரின் தாய் இறந்துபோனார். ஐம்பதை நெருங்கிய கார்சன் அவனைத் தத்தெடுத்தார். அதன்பின் ‘மௌன வசந்தம்’ நூலுக்கான உழைப்பு, புற்றுநோய், 1964இல் மரணம். அந்தக் கட்டுரையை விரித்து நூலாக்க வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. 1965இல் வந்த நூலில் இருப்பது பழைய கட்டுரையும் நிழற்படங்களும்தான். நாம் வேதமாகப் படிப்பது, கோடை விடுமுறையில் வந்துபோன ஒரு குழந்தையோடு நடந்த நடையை. வளர்ப்புத் தாயாக அவனோடு நடந்த நடைகள் அந்த நூலுக்குள் வரவேயில்லை.

4. திட்டமிட்டுத் தொலைந்தவர்களும் துருவிக் கேட்டவரும்

கார்சன் முறையின் தனித்தன்மை இரண்டு பழைய நடைகளோடு ஒப்பிட்டால் தெரியும்.

ரூசோ 1762இல் வெளியிட்ட ‘எமில்’ நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு நடை உண்டு. சூரியனின் போக்கையும் திசையறிவதையும் பற்றி ஆசிரியர் பேசிக்கொண்டிருக்க, இதனால் என்ன பயன் என்று எமில் கேட்கிறான். ஆசிரியர் விடை சொல்வதில்லை. மறுநாள் காலை மோன்ட்மொரான்சி ஊருக்கு வடக்கே உள்ள காட்டுக்குள் நடக்க அழைத்துப் போகிறார். வழி தவறுகிறார்கள். வெயில், பசி, பையன் அழுகிறான். நடுப்பகல் ஆகிறது. நிழல் விழும் பக்கம் வடக்கு என்றால் அதற்கு எதிர்ப்பக்கம் ஊர் என்பதை அவனே கண்டுபிடிக்கும்படி ஆசிரியர் கேள்வி கேட்கிறார். ஊர் எங்கோ தொலைவில் இல்லை. ஒரு புதர்க்கூட்டத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆசிரியருக்கு முதலிலிருந்தே தெரியும்.

செய்து கற்றல் முறையின் முன்னோடிப் பாடம் என்று கல்வியியலில் இதைப் புகழ்வார்கள். பாடமாக இது அருமையானதுதான். எமில் அந்த நிழலை ஆயுளுக்கும் மறந்திருக்க மாட்டான். ஆனால் சேர்ந்து நடந்த நடையாக இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவன் உண்மையாகத் தொலைந்திருக்கிறான். மற்றவர் தொலைந்ததாக நடிக்கிறார். இருவரும் ஒரே காட்டில் இருக்கவில்லை. தம் ஐந்து குழந்தைகளையும் அனாதை விடுதியில் சேர்த்தவர் ரூசோ என்பதை எல்லாரும் சொல்லிக்காட்டுவார்கள். அந்த மலிவான அடி இங்கே தேவையில்லை. எமிலும் ஆசிரியரும் கற்பனைப் பாத்திரங்கள் என்பதே போதும். கற்பனைக் குழந்தையால்தான் இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்காமல் இருக்க முடியும்.

உண்மைக் குழந்தை என்ன செய்யும் என்பதற்கு வேர்ட்ஸ்வொர்த் சான்று தருகிறார். 1798இல் ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுப்பில் வந்த ‘தந்தையர்க்கு ஒரு நிகழ்ச்சி’ என்ற பொருள்படும் கவிதையில் ஐந்து வயதுப் பையனோடு ஒருவர் நடக்கிறார். முன்பு இருந்த கடலோர ஊர் உனக்குப் பிடிக்குமா, இப்போது வந்திருக்கும் இந்தப் பண்ணை பிடிக்குமா என்று சும்மா கேட்கிறார். பழைய ஊர்தான் என்கிறான் பையன். ஏன் என்று கேட்கிறார். தெரியவில்லை. விடாமல் மறுபடி மறுபடி ஏன், ஏன். பையன் தலை நிமிர்கிறான். வீட்டு உச்சியில் பளபளக்கும் காற்றுத்திசைகாட்டி கண்ணில் படுகிறது. அந்த ஊரில் இது இல்லை, அதனால்தான் என்று சொல்லித் தப்பிக்கிறான். பொய் சொல்லும் கலையை எப்படிக் கற்பிக்கலாம் என்று காட்டுவது இக்கவிதை என அதன் துணைத் தலைப்பிலேயே கவிஞர் தம்மைக் குட்டிக்கொள்கிறார். கவிதையின் பையன், நண்பர் பேசில் மாண்டேகுவின் மகன் என்று கொள்கிறார்கள். தாயில்லாத அக்குழந்தையை வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரத்தியும்தான் அப்போது வளர்த்துவந்தார்கள்.

ரூசோவின் பெரியவருக்கு எல்லாம் தெரியும். வேர்ட்ஸ்வொர்த்தின் பெரியவருக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். இரண்டு நடையிலும் பெரியவர் பார்ப்பது குழந்தையை. கார்சன் பார்ப்பது செடியை. குழந்தை அவர் பார்ப்பதைப் பார்க்கிறது.

5. ஆய்வுகள் சொல்வதும் விடுவதும்

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு உளவியலில் ஆதாரம் உண்டு. 1975இல் மைக்கேல் ஸ்கைஃபும் ஜெரோம் புரூனரும் வெளியிட்ட சிறு ஆய்வு, பெரியவர் பார்வையைத் திருப்பினால் கைக்குழந்தையும் அந்தத் திசையில் திரும்புகிறது என்றும், வயது ஏற ஏற இது உறுதிப்படுகிறது என்றும் காட்டியது. பின்னால் வந்தவர்கள் இதைக் கூட்டுக் கவனம் என்ற கருத்தாக வளர்த்தார்கள். ஏறத்தாழ ஒரு வயதில் குழந்தை விரல் நீட்டத் தொடங்குகிறது. வேண்டும் என்பதற்காக மட்டும் நீட்டுவதில்லை, நீயும் பார் என்பதற்காகவும் நீட்டுகிறது. நம் இலக்கணக்காரர்கள் இதற்குச் சுட்டு என்று பெயர் வைத்து அ, இ, உ என்று மூன்று எழுத்தை ஒதுக்கினார்கள். அவற்றுள் உகரச் சுட்டு தமிழகப் பேச்சில் அழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘உது’ இன்றும் உயிரோடிருக்கிறது. கேட்பவர் பக்கத்தில் உள்ளதைச் சுட்டுவது அது. அதைச் சொல்ல எதிரே இருப்பவர் எங்கே நிற்கிறார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் புகழ்பெற்ற சான்று 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் மற்றவர்களும் எழுதிய குறிப்பு. பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையிலான 109 பள்ளிப் பிள்ளைகளுக்குப் பட அட்டைகளைக் காட்டினார்கள். உள்ளூர் உயிரினங்களை நான்கு வயதினர் 32 விழுக்காடும் எட்டு வயதினர் 53 விழுக்காடும் அடையாளம் கண்டார்கள். போகிமான் பொம்மை உயிர்களிலோ நான்கு வயதில் 7 விழுக்காடு, எட்டு வயதில் 78. பிள்ளைகள் இயற்கையை மறந்தார்கள் என்ற புலம்பலுக்கு அன்றிலிருந்து இந்த எண்களே துணைச்சான்று. நான் இவற்றை வேறு விதமாகப் படிக்கிறேன். எட்டு வயது மூளைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பிடித்துவைக்கத் திராணி இருக்கிறது. போகிமான் பெயர்கள் எங்கே கற்கப்பட்டன? பள்ளி மைதானத்தில், அட்டையை மாற்றிக்கொள்ளும் இன்னொரு பையனின் பக்கத்தில், அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு. ரோஜர் கற்ற அதே வழி. கரிச்சானையும் வேம்பையும் பார்த்துக் குதூகலிக்க மட்டும் பக்கத்தில் ஆள் இல்லை.

மூன்றாவது சான்றுத் தொகுதி சூழல் செயற்பாட்டாளர்களின் நினைவுகள். எது உங்களை இந்த வழிக்குக் கொண்டுவந்தது என்று 1980இல் தாமஸ் டானர் கேட்கத் தொடங்கினார். லூயிஸ் சாவ்லா 1990களில் கென்டக்கியிலும் நார்வேயிலும் உள்ள செயற்பாட்டாளர்களிடம் விரிவாகக் கேட்டார். இளமையில் இயற்கைச் சூழலில் கழித்த பொழுது, வழிகாட்டிய குடும்பத்தார் ஆகிய இரண்டும் விடைகளில் முன்னணியில் நின்றன. இதை நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தாத்தாவோடு காட்டில் நடந்து, பின்னாளில் ஆற்றுமணல் அள்ளப் போனவர்களிடம் யாரும் கேட்கவில்லையே. நினைவும் சொல்பவரின் இன்றைய நிலைக்கு ஏற்பத் தன்னை அடுக்கிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. மேயர் ஹில்மனும் உடன் ஆய்ந்தவர்களும் 1990இல் வெளியிட்ட கணக்கின்படி, இங்கிலாந்தில் 7, 8 வயதுப் பிள்ளைகளில் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனவர்கள் 1971இல் 80 விழுக்காடு, 1990இல் 9. காரணம் பெரும்பாலும் வாகனப் பயம். பெரியவர் கூட நடப்பது கூடியிருக்கிறது என்று இதைப் பாராட்ட முடியாது. அங்கே பெரியவர் வருவது காவலுக்கு. துணை என்ற சொல்லின் இரண்டு பொருளில் ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது.

6. காட்டுக்குப் போதல்

கரிசல் சீமையில் காடு என்றால் மரம் அடர்ந்த வனமில்லை, மானாவாரி நிலம். ‘காட்டுக்குப் போயிருக்காக’ என்றால் பருத்தி எடுக்கவோ களை பறிக்கவோ போயிருக்கிறார்கள் என்று பொருள். பள்ளி இல்லாத நாளெல்லாம் என் அப்பத்தாவுக்குத் துணையாக நான் காட்டுக்குப் போனேன். ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை.

அவர் எனக்கு எதையும் கற்பிக்கவில்லை என்று கார்சன்போலச் சொல்ல முடியாது. கற்பிக்க நேரமும் இல்லை. நடந்துகொண்டே குனிவார், நிமிரும்போது மடியில் பண்ணைக்கீரை இருக்கும். கொடியில் கிடக்கும் மிதுக்கங்காயைப் பறித்துப் போட ஒரு பை என் கையில் இருக்கும். எதைப் பறிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது என் வேலையின் பகுதி. ஆகவே பெயர் தெரிய வேண்டியது கட்டாயமாயிற்று. ரோஜரின் செடி ரேச்சலுக்குப் பிடித்தது. என் செடி வத்தலாக வேண்டியது. ஓடைக்கரையில் ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் சட்டென்று நின்றுவிடுவார். “அந்தா பாரு. காலை வச்சிறாதப்பா.” வெறுந்தரையில் சரளைக் கற்களோடு கல்லாக நான்கு முட்டைகள். அவர் விரல் நீட்டும்வரை அவை எனக்குக் கற்கள்தாம். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அந்தப் பறவைக்கு ஆட்காட்டி என்று பெயர் வந்ததை நான் பின்னால்தான் யோசித்தேன். காட்டிக்கொடுத்தது பறவை, முட்டையைக் காட்டியது அப்பத்தா.

இந்த வேலை நடையை உயர்த்திப் பேசிவிடுவது எளிது. அதற்கு நம் இலக்கியமே இடம் கொடுக்காது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000இல் வந்தது. அதில் மேட்டுக்காட்டில் ஆடுகளோடு நாளெல்லாம் நடக்கும் சிறுவனுக்கு ஒவ்வொரு கொடியும் பனையும் தெரியும். பெரியவர் யாரும் கூட இல்லை, ஏனென்றால் அவன் பண்ணையத்துக்கு விடப்பட்ட கூலி. அவன் கற்றதைச் சூழல் கல்வி என்று அழைக்க நாக்கு கூச வேண்டும்.

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளியானது. தமிழில் ஒரு பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து நடக்கும் நடையை முழு நாவலாக எழுதியது அதுதான் என்று சொல்வேன். பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, தந்தையோடு ஊரை விட்டு மறைகிறான். அப்புறம் கரிசல் காடும் கரடும்தான் கதை: எங்கே ஒளிவது, எங்கே தண்ணீர், எதைத் தின்பது, எந்த இருட்டு நம்பத்தக்கது. தந்தைக்கு நிலம் தெரியும். அதை மகனுக்குப் பாடமாகச் சொல்வதில்லை, பசிக்கும் பயத்துக்கும் நடுவே கை மாற்றுகிறார். ரூசோவின் எமில் தொலைந்தது ஆசிரியரின் நடிப்பால். சிதம்பரம் உண்மையாகவே தொலைய வேண்டியவன். தொலைவதற்குத் தந்தை உதவுகிறார். நிலத்தை நன்கறிந்தவர்களுக்கே அதன்மீது பகிரங்கமாக நடக்க முடியாமல் போகும் நிலையை, கிண்டர் ஸ்கவுட் தொழிலாளர்கள் வாசித்திருந்தால் வேறு யாரையும்விட விரைவாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். அந்த நாவலில் யார் யாருக்குத் துணை என்று பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. மகனைக் காப்பவர் தந்தைதான்; ஆனால் ஒரு மகனைப் பறிகொடுத்த மனிதர் இந்தப் பையன் பக்கத்தில் நடப்பதால்தான் நடக்கிறார் என்று பல இடங்களில் எனக்குத் தோன்றியிருக்கிறது.

7. இரண்டு தடங்கள்

பெரியவரின் கவனமே குழந்தைக்குப் போய்ச் சேருகிறது என்றால், அவர் கவனியாததும் போய்ச் சேர வேண்டும். இதை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை; அளப்பதும் கடினம். என்னிடம் இருப்பது சொந்தச் சான்று மட்டும்.

அப்பத்தா சின்னப் பறவைகள் எல்லாவற்றையும் குருவி என்றே சொல்வார். அவை மடியில் கட்டிக்கொண்டு போக உதவாதவை. பெரியவனானபின் புத்தகம் பார்த்துக் கதிர்க்குருவி, நெட்டைக்காலி, வானம்பாடி என்று படித்தேன். ஒவ்வோர் ஆண்டும் மறந்து ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறேன். மிதுக்கங்காய்க் கொடியை மட்டும் ஓடுகிற பேருந்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

ஊரிலிருந்து எங்கள் காட்டுக்கு இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று கிழக்குத் தெரு வழியாக நேரே போவது. பத்து நிமிடத்தில் போய்விடலாம். மற்றது ஓடையைச் சுற்றிக்கொண்டு போவது, அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அந்த மூன்று ஆண்டுகளில் அப்பத்தா ஒருநாளும் நேர்த்தடத்தில் போனதில்லை. தலையில் சும்மாடும் சுமையும் இருந்த நாளிலும் ஓடைவழிதான். போகாதே என்று என்னிடம் சொன்னதில்லை, ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது ஊருக்கு வந்திருந்த நண்பன் ஒருவன், பக்கத்தில் இருக்கும் காட்டுக்கு ஏன் இப்படிச் சுற்றிப் போகிறோம் என்று கேட்டான். அவனைப் பின்னால் வரவிட்டு ஓடைத்தடத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நான்தான். கிழக்குத் தெரு யாருடைய தெரு என்பதை அவனுக்குச் சொல்ல வாயெடுத்தபோதுதான் அதை எனக்கே முதன்முறையாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று தெரிந்தது.

ஆட்காட்டி முட்டையிட்டது ஓடைக்கரையில். பண்ணைக்கீரையும் மிதுக்கங்காயும் அந்தச் சுற்றுவழியில் கிடைத்தவைதாம். நேர்த்தடத்தின் இருபுறமும் என்னென்ன செடிகள் நின்றன என்று எனக்குத் தெரியாது.